பென்சிலால் போட்ட கேள்விக்குறி

மச்சான்,

வெள்ளையடிக்க வேண்டும் என்று போன வாரம் பரணிலிருந்த டிரங்குப் பெட்டியை இறக்கினேன். அந்துருண்டை வாசனையோடு நம் நீல அட்டை நோட்டு கையில் வந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இந்த வயதில் எதற்கெடுத்தாலும் உட்காரத்தான் தோன்றுகிறது.

உன் ரேடியோவில் ஒரு சாயங்காலம் ஏதோ பாட்டு வந்தது. வெல்ஷ் மொழி என்றார் அறிவிப்பாளர். "இன்னா மச்சான், இங்கிலீஷ்காரன் ஊட்டாண்டயே வேற பாஷை கீதா?" என்று வாயைப் பிளந்தாய். அன்றைக்குப் பிடித்தது நமக்குக் கிறுக்கு. ஆவடித் தொழிற்சாலையில் லேத்தில் நிற்கும் நீயும், ஸ்டோரில் சீட்டு எழுதும் நானும் ஞாயிறுதோறும் அண்ணனூரில் ரயில் ஏறி நகரத்து நூலகத்துக்குப் போனோம். ஐரிஷ், வெல்ஷ், பிரெட்டன் என்று அந்தக் கெல்டிக் மொழிகள் எப்படிக் கிளைத்தன என்று சொல்ல உருப்படியான புத்தகம் ஒன்றும் அகப்படவில்லை. கிடைத்ததையும் வெளியே தர மாட்டார்கள். நான் பார்த்து இந்த நோட்டில் எழுதுவேன். நீ ஓரத்தில் பென்சிலால் கேள்விக்குறி போடுவாய். "யார் சொன்னாங்கோ, எப்ப சொன்னாங்கோ, அத்த மொதல்ல பாரு" என்பாய்.

நான் பார்க்கவில்லை. கெல்டிக்கும் தமிழும் ஒருதாய் மக்கள் என்று அடித்துச் சொல்லும் பழைய தடிப் புத்தகம் ஒன்று கிடைத்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. குவார்ட்டர்ஸ் பொங்கல் விழாவில் மேடையேறி அதைப் பேசினேன். கைதட்டல் அடங்குமுன் பின்வரிசையில் நீ எழுந்தாய்.

"ரெண்டு வார்த்த ஒரே மாதிரி கீதுன்னா சொந்தமாய்டுமா? அந்தப் புக்க எழ்தனவனுக்குத் தமிழே தெரியாது மச்சான்."

கூட்டம் சிரித்தது. நீ சொன்னது சரி என்று எனக்கு அங்கேயே தெரியும். அதனால்தான் உன்னோடு பேச்சை நிறுத்தினேன்.

இரண்டு வருடம். ஒரே கேட்டில் நுழைந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தோம். ஒருநாள் நான் இல்லாதபோது வந்து, "தங்கச்சி, இத்த அவன்கிட்ட குட்த்துடு" என்று உன்னிடமிருந்த நோட்டை என் மனைவியிடம் தந்துவிட்டுப் போனாய். பிரிக்காமலே பெட்டியில் போட்டேன். அடுத்த மாதம் மஞ்சள் காமாலையில் போய்விட்டாய். அதற்குப் பிறகு அதைத் தொடவே எனக்குத் துணிவில்லை.

போன வாரம்தான் பிரித்தேன். என் எழுத்து முடிந்த இடத்திலிருந்து உன் கோணல் எழுத்து, நோட்டு முடியும்வரை. எந்தப் புத்தகம், எந்தப் பதிப்பு என்று ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் எழுதியிருக்கிறாய். நான் இல்லாமல் எத்தனை ஞாயிறு தனியாக ரயில் ஏறினாயோ. கடைசியில் ஒரு வரி: "தப்பா எழ்திகீறேன்னா சொல்லு மச்சான்."

நீ எழுதியதைச் சரிபார்க்க நாலு நாளாக மகனின் கம்ப்யூட்டரில் தேடுகிறேன். பக்கம் பக்கமாகக் கொட்டுகிறது. பாதிக்கு மேல் என் பொங்கல் பேச்சு ரகம். கண் எரிகிறது. போதும் என்று எழுந்து போய், மறுபடி வந்து உட்கார்கிறேன்.

ஓரிடத்தில் தவறியிருக்கிறாய். பிரான்சில் பேசும் பிரெட்டன் அந்த நாட்டுப் பழைய மொழியின் மிச்சம் என்கிறாய். இல்லையடா. பிரிட்டனிலிருந்து கடல் கடந்து போனவர்கள் கொண்டுபோனது அது. யார் சொன்னார்கள், எப்போது சொன்னார்கள், எல்லாம் பார்த்துவிட்டேன்.

பென்சிலைத் தேடி எடுத்து, அந்த வரியின் ஓரத்தில் கேள்விக்குறி போட்டேன். உன் எழுத்தைப் போலவே கொஞ்சம் கோணிவிட்டது. சொல்லு என்று கேட்டிருந்தாயே, சொல்லிவிட்டேன் மச்சான்.