நாலாவது துணைத்தேற்றத்தில் ஒரு வரி

இன்று காலை மதிப்பீட்டுக்கு வந்த ஓர் ஆய்வேட்டில் அந்த வரியைப் பார்த்தேன். ‘இரண்டு தீர்வுக் கணங்களைச் சேர்த்தால் கிடைப்பதும் தீர்வுக் கணமே என்பது வெளிப்படை.’ நீ இறந்து ஆறு வருடமாகிறது. ஆனாலும் முதலில் உன்னிடம்தான் சொல்லத் தோன்றியது.

தொண்ணூறுகளின் நடுவில் நாம் ஒரே அறையில் உட்கார்ந்த ஆய்வு மாணவிகள். நான் வாணியம்பாடியிலிருந்து வந்து ஈஜிபுராவில் வாடகைக்கு இருந்தவள். நீ அதே நகரத்தில், ஜோகுபாளையத்திலேயே பிறந்தவள். தமிழில் தொடங்கிய வாக்கியத்தைக் கன்னடத்தில் முடிப்பாய். சமன்பாடுகளின் தீர்வுகளை வடிவங்களாகப் பார்ப்பது இயற்கணித வடிவியல். எண்களுக்குச் செய்வதை எந்த இயற்கணித அமைப்புக்கும் செய்ய முடியுமா என்பது நம் கேள்வி. கேட்டகரி தியரி வழி கொடுத்தது: உள்ளே இருக்கும் உறுப்புகளை விட்டுவிட்டு, அமைப்புகளுக்கு இடையே போகும் அம்புகளை மட்டும் வைத்துப் பேசலாம். இரண்டு வருட உழைப்பில் கட்டுரை எழுதினோம். அதன் நாலாவது லெம்மாவில், அதாவது துணைத்தேற்றத்தில், இதே வரி இருந்தது. ரெஃபரி படித்துச் சரியென்று சொல்ல, ஓர் ஆய்விதழ் ஏற்றுக்கொண்டது. அதை நம்பித்தான் நான் ஒரு கல்லூரி வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன்.

ஒரு ஞாயிறு மதியம், உன் வீட்டில், அச்சுப்படியைத் திருத்திக்கொண்டிருந்தோம். நீ பென்சிலைக் கீழே வைத்தாய்.

“இது ஆகல்லடி. நாலாவது லெம்மா தப்பு.”

“என்ன தப்பு?”

“பெருக்கல் இருந்தா ரெண்டு சமன்பாட்டப் பெருக்கி ஒண்ணாக்கலாம். இல்லாத எடத்துல? முழு எண்ணுல கூட்டல் மட்டும் வெச்சுக்கோ. ரெண்டுக்குத் தனியா, மூணுக்குத் தனியா சமன்பாடு எழுதலாம். ரெண்டும் மூணும் மட்டும் சேர்ந்து தீர்வா வர்ற மாதிரி எழுது, பாக்கலாம்.”

எழுத முடியவில்லை. அத்தனை எளிய உதாரணம். இரண்டு வருடமும் நம் கண்ணில் படவில்லை.

“ரெஃபரியே பாக்கல. யாருக்குடி தெரியப் போவுது?” என்றேன்.

“நமக்குத் தெரிஞ்சுபோச்சே.”

கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை அங்கேயே எழுதிக் கையெழுத்திட்டு என்னிடம் தந்தாய். “நீயும் போட்டாத்தான் அனுப்புவேன். உன் வேலை விஷயம்.” நான்கு நாள் வைத்திருந்தேன். ஐந்தாம் நாள், தொலைந்துவிட்டது என்றேன். நீ என்னைச் சற்று நேரம் பார்த்தாய். ஒன்றும் கேட்காமல் வேறொரு தாளை எடுத்து முதலிலிருந்து எழுதினாய். அதில் கையெழுத்திட்டேன்.

அந்த வேலை கிடைக்கவில்லை. அடுத்த வருடம் நீ சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போனாய். ஒரு நிபந்தனையைக் கூடுதலாகச் சேர்த்து, சிறுத்துப்போன தேற்றத்தைப் பிறகு நம் இருவர் பெயரிலும் வெளியிட்டேன். “இப்ப சரியா இருக்கு” என்று ஃபோனில் சொன்னாய். நீ ஆஸ்பத்திரியில் இருந்தபோது இருமுறை வந்தேன். இரண்டு முறையும் ஒன்றைச் சொல்ல நினைத்து, டிராஃபிக்கைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினேன்.

கடிதம் தொலையவில்லை. என் புத்தகங்களுக்கு நடுவே இருந்தது. இரண்டாவது கடிதம் தபாலில் போன அன்று அதைக் கிழித்துப் போட்டேன். உனக்கு அப்போதே தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது என் மாணவர்கள் சில சமயம் தப்பை மறைக்க ஏதோ காரணம் சொல்கிறார்கள். பொய் என்று தெரிகிறது. நான் துருவிக் கேட்பதில்லை. மறுபடி எழுதி வரச் சொல்லிவிட்டுக் காத்திருக்கிறேன். பெரும்பாலும் எழுதிக்கொண்டு வருகிறார்கள்.