துரை விட்ட பிள்ளை

எர்லாங்கன், ஜெர்மனி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள அண்ணனுக்கு,

சாந்தாவின் வணக்கம். என் போனை எடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டீர்கள். கூரியரில் வரும் கடிதத்தையாவது பிரிப்பீர்கள் என்று எழுதுகிறேன். அண்ணிக்கு முழங்கால் வலி தேவலையா? இங்கே குளிர் தொடங்கிவிட்டது. உங்கள் மகள் ஹரிப்ரியா இன்னும் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறாள். சரியாகச் சாப்பிடுவதில்லை.

நீங்கள் சொன்ன வேலையை முடித்துவிட்டேன். கடலூர் கல்லறையில் வருஷாவருஷம் சுருட்டும் பிராந்தியும் வைத்து நாம் கும்பிடும் வெள்ளைக்காரப் பாட்டன் எப்படிக் குடும்பம் நடத்தினார் என்று தேடச் சொன்னீர்கள், குடும்ப மலரில் போடுவதற்கு. அந்தக் காலத்தில் அவரோடு பழகிய ஜெர்மன் பாதிரியார் ஒருவர் எழுதிய கடிதங்கள் இங்கே ஒரு காப்பகத்தில் இருக்கின்றன. லீவு போட்டுப் போய்ப் படித்தேன்.

அந்தத் துரைக்கும் அவரோடு குடும்பம் நடத்திய நம் ஊர்ப் பெண் பொன்னிக்கும் மூன்று பிள்ளைகள். நிறமாகப் பிறந்த மூத்தவர்கள் இருவரையும் இங்கிலாந்தில் இருந்த தன் அக்காவிடம் கப்பலேற்றிவிட்டார். பொன்னியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைசிப் பையனை, இவ்வளவு கறுப்பானவனை என் பிள்ளை என்று எப்படிச் சொல்வது என்று பாதிரியாரிடம் சொல்லி, தாயோடு வீட்டைவிட்டு அனுப்பிவிட்டார். அவன் பெயர் சின்னத்தம்பி. நம் வம்சாவளியில் துரைக்கு அடுத்து நிற்கும் அதே சின்னத்தம்பிதான் அண்ணா. படித்ததும் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. துரை மேல் மட்டும் இல்லை.

போன மாதம் மாப்பிள்ளை சயந்தனின் போட்டோவைப் பார்த்துவிட்டு, துரை வம்சத்துப் பெண்ணை இந்தக் கறுப்பனுக்குக் கொடுப்பதா என்று கேட்டீர்கள். போன் ஸ்பீக்கரில் இருந்தது. ஹரிப்ரியா பக்கத்தில் நின்றாள்.

ஹம்பேர்க்கில் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பையன். தங்கமான குணம். அவன் அம்மா கலாதேவிகூடக் கோபப்படவில்லை. பொம்பிளையைப் பெத்தவர் வராமல் கலியாணம் செய்ய ஏலாது, நாங்கள் பொறுத்திருக்கிறம் என்றார். ஹரிப்ரியாதான் பொறுக்கமாட்டாள். வரும் சனிக்கிழமை கல்யாணம். வராவிட்டால் அப்பா என்று இனி ஒருவர் இல்லை என்கிறாள். நீங்கள் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்றால் அவள் பிடித்ததற்கும் மூன்றுதான். யார் மகள்?

கோடையில் வந்து போனீர்களே, அந்த விசா இன்னும் செல்லும். தாலியை எடுத்துக் கொடுக்க என்னைக் கேட்டிருக்கிறாள். நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை. அப்பன் உயிரோடு இருக்கும்போது அந்தத் தாலித் தட்டை என்னைத் தொட வைக்காதீர்கள் அண்ணா. வந்துவிடுங்கள்.

உங்கள் தங்கை,
சாந்தா