மூன்று தலையணை

ஸ்தேன், பாரிஸ்
12.05.2018

அன்புள்ள புனிதம்,

சுகமாக இருக்கிறீரா என்று கேட்டுத் தொடங்கினால் சுகம் என்று பதில் எழுதிவிடுவீர். அதனால் அந்தக் கேள்வியை இந்தக் கடிதத்தின் கடைசிக்குத் தள்ளி வைத்திருக்கிறேன்.

கிழமைக்கு நாலு நாள் ரெலிபோனில் முகம் பார்த்துக் கதைக்கிற காலத்தில் கடிதம் எதற்கு என்று யோசிப்பீர். ரெலிபோனில் கதைக்கும்போது பக்கத்தில் பிள்ளை நிற்கிறாள். நான் ஒன்றைத் தொடங்கினால் நீர் மழை, முருங்கைக்காய் என்று கதையை வேறு பக்கம் கொண்டுபோகிறீர். இங்கே பக்கத்தில் இருக்கும் மரியரட்ணம் அண்ணை வருகிற கிழமை யாழ்ப்பாணம் போகிறார். வழியில் கிளிநொச்சியில் இறங்கி இதை உமது கையிலேயே தருவதாகச் சொன்னார். சுபாங்கி பள்ளிக்கூடம் போன பிறகு ஆறுதலாக இருந்து வாசியும்.

முதலில் என் பிழையைச் சொல்கிறேன். சித்திரைக் கடைசியில் இரண்டு நாள் ரெலிபோன் பழுதென்று சொன்னேன் அல்லவா, அது பொய். அந்த இரண்டு நாளும் ஆஸ்பத்திரியில் இருந்தேன். இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் ஒன்று ஒடுங்கிப் போயிருந்தது. அதை விரித்து உள்ளே சின்னதாய் ஒரு வலைக்குழாய் வைத்தார்கள். பயப்படாதேயும். இப்போது நன்றாக இருக்கிறேன். யன்னலோரம் இருந்து என் கையாலேயே எழுதுகிறேன். எழுத்து நடுங்கவில்லை, பாரும்.

மாசி மாதத்தில் தொடங்கியது. நான் சமைக்கும் லாச்சப்பல் தெருச் சாப்பாட்டுக் கடையில் அரிசி மூட்டைகள் நிலத்துக்குக் கீழே இருக்கும் அறையில்தான் அடுக்கியிருக்கும். ஒருநாள் மூட்டையோடு படியேறும்போது பாதியில் நெஞ்சை யாரோ உள்ளங்கையால் அமத்துவதுபோல் இருந்தது. மூட்டையை இறக்கி வைத்துவிட்டு இரண்டு நிமிடம் நின்றேன். போய்விட்டது. வாய்வு என்று நினைத்து இஞ்சித் தண்ணீர் குடித்தேன். பிறகு காலையில் ரயிலால் இறங்கி, குளிர்காற்றில் கடைக்கு நடக்கும்போது கீழ்த்தாடை வலிக்கத் தொடங்கியது. சரி, பல்லுத்தான் என்று பல் வைத்தியரிடம் போனேன்.

அவர் ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்துவிட்டு எல்லாம் நல்ல பல் என்றார். எப்போது வலிக்கிறது என்று கேட்டார். நடக்கும்போது என்றேன். நின்றால்? நின்றால் இல்லை என்றேன். கையில் இருந்த கருவியைக் கீழே வைத்துவிட்டு, இது பல்லின் வேலை இல்லை, இன்றைக்கே உன் வைத்தியரைப் பார் என்று ஒரு துண்டும் எழுதித் தந்தார். எனக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சிலேயே அவருடைய முகம் மாறியது விளங்கியது.

கடை முதலாளி மார்க்கண்டு அண்ணை தன் மகள் அஜந்தாவை என்னோடு அனுப்பினார். இங்கே பிறந்த பிள்ளை. தகப்பன் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்கிறவள். வைத்தியர் ஒரு பெண். வலி குத்துகிறதா, எரிகிறதா, இறுக்குகிறதா என்று கேட்டார். பாவம், அஜந்தாவுக்கு அதற்கெல்லாம் தமிழ்ச் சொல் தெரியவில்லை. விரலால் குத்திக் காட்டினாள், உள்ளங்கையை ஊதிக் காட்டினாள். கடைசியில் வைத்தியரே கையைப் பொத்தித் தன் நெஞ்சில் வைத்துக் காட்டினார். ஓம், அதுதான் என்றேன்.

உடம்பில் வயர்களை ஒட்டி ஈ.சி.ஜி எடுத்தார்கள். அதில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். நான் சந்தோசத்தில் சட்டைப் பொத்தானைப் பூட்டத் தொடங்கிவிட்டேன். வைத்தியர் சிரித்துக்கொண்டு இன்னும் முடியவில்லை என்றார். படுத்திருக்கும்போது இதயம் அதிக இரத்தம் கேட்பதில்லை, அதனால் குழாய் ஒடுங்கியிருந்தாலும் தாளில் தெரியாமல் போகலாம், வேலை கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார். அடுத்தடுத்த கிழமைகளில் வெறும் வயிற்றில் இரத்தம் எடுத்தார்கள். இருட்டறையில் படுக்க வைத்து, நெஞ்சில் பசைபோல ஒன்றைப் பூசி, எக்கோ பார்த்தார்கள். திரையில் என் இதயம் அடித்துக்கொண்டிருந்தது. வாளிக்குள் துணி அலசுகிற மாதிரிச் சத்தம். எட்டு வருசமாக இதற்குள்தான் உம்மையும் பிள்ளையையும் வைத்திருக்கிறேன் என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்தவர்களுக்கு அது தெரியாது.

பிறகு வயர்களோடு சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். ஆறாவது நிமிடம் அந்த அமத்தல் வந்தது. நான் வாய் திறப்பதற்கு முன்பே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நிற்பாட்டச் சொல்லிவிட்டார். மணிக்கட்டால் ஒரு மெல்லிய குழாயை விட்டு உள்ளே பார்க்க வேண்டும் என்றார்கள்.

அதற்கு ஒரு பத்திரம் நிரப்ப வேண்டும். ஏதும் நடந்தால் யாருக்கு அறிவிப்பது என்று ஒரு கேள்வி இருந்தது. உமது பெயரை எழுதி, கிளிநொச்சி விலாசத்தையும் எழுதினேன். தாதி வாசித்துவிட்டு, இது இருக்கட்டும், ஆனால் ஒரு மணித்தியாலத்துக்குள் வந்து சேரக்கூடிய ஒருவரின் பெயரும் வேண்டும் என்றார்.  பிறகு மார்க்கண்டு என்று எழுதினேன். வீட்டுக்குக் கூட்டி வந்தவரும் அவர்தான்.

ஏன் மறைத்தேன் என்று கேட்பீர். ஆவணியில் திருச்சியில் சந்திப்பதற்குப் பிளேன் ரிக்கற் போட்டிருக்கிறோம். என்னுடைய அகதிப் பயணப் பத்திரத்தில் இலங்கை தவிர எல்லா நாட்டுக்கும் போகலாம் என்று அடித்திருக்கிறது. உங்களை இங்கே கூப்பிடப் போட்ட பத்திரமும் எங்கேயோ ஒரு மேசையில் கிடக்கிறது. திருச்சியை விட்டால் எங்களுக்கு வேறு இடம் இல்லை. நெஞ்சுவலி என்று தெரிந்தால், பிளேன் ஏற வேண்டாம் என்று மறித்துவிடுவீர் என்ற பயம். இப்போது அந்தப் பயம் இல்லை. மருந்துக் குளிசைகளை ஒருநாளும் விடாமல் எடுத்தால் ஆவணியில் பறக்கலாம் என்று வைத்தியர் சொல்லிவிட்டார்.

இனித்தான் எழுத வந்த விஷயம். முதல்நாள் அந்த வைத்தியர் என்னிடம் வேறு சில கேள்விகளும் கேட்டார். மட்டமாகப் படுக்க முடிகிறதா? எத்தனை தலையணை? படுத்தால் இருமல் வருகிறதா? பின்னேரத்தில் கால் வீங்குகிறதா? எனக்கு இதில் ஒரு குறையும் இருக்கவில்லை. ஆனால் அஜந்தா ஒவ்வொன்றாகத் தமிழில் கேட்கக் கேட்க எனக்கு உமது முகம்தான் தெரிந்தது. தைப்பொங்கலன்று சுபாங்கி சிரித்துக்கொண்டு சொன்னாள்: "அம்மா மூண்டு தலையணை வைச்சு, இருந்துகொண்டுதான் நித்திரை கொள்ளுறா அப்பா." நானும் சேர்ந்து சிரித்தேன். வாய்க்கால் கரையில் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு போகிறீராம். செருப்பு வாரை வெட்டித் தளர்த்தி வைத்திருக்கிறீராம். எல்லாம் பிள்ளை வாயால் வந்த கதைகள்.

வலைக்குழாய் வைத்த பிறகு காட்டப் போன அன்று, இதையெல்லாம் அஜந்தாவைக் கொண்டு அவரிடம் சொன்னேன். ஆளைப் பார்க்காமல் ஒன்றும் சொல்ல முடியாது, ஆனால் இதைத் தள்ளிப்போடக் கூடாது என்றார். நெஞ்சில் வலி இல்லையென்று சும்மா இருக்க வேண்டாம், இளைப்பும் களைப்பும் கூட இதயம் சொல்லுகிற கதையாக இருக்கலாம் என்றார்.

அதனால் இந்தக் கிழமையே ஆஸ்பத்திரிக்குப் போம். இந்தக் கடிதத்தையே டொக்டரிடம் நீட்டும், வெட்கப்படாதேயும். ஈ.சி.ஜியும் எக்கோவும் எடுக்க வேண்டுமா என்று கேளும். சும்மா இருக்கும்போதே மூச்சு முட்டினால், அல்லது நெஞ்சு இறுகி வியர்த்தால், பஸ்ஸுக்கு நிற்காமல் உடனே வாகனம் பிடியும்.

இப்போது கேட்கிறேன். சுகமாக இருக்கிறீரா? உண்மையை எழுதும்.

உமது,
மகேந்திரராசா

* * *

கிளிநொச்சி
16.06.2018

அன்பான சுபாங்கியின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது என்று மட்டும்தான் ரெலிபோனில் சொன்னேன். அதற்கு மேல் கதைத்திருந்தால் அழுதிருப்பேன். மரியரட்ணம் அண்ணை திரும்பிப் போகும்போது தருவதற்காக இதை எழுதுகிறேன்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. உங்களை அங்கே வெட்டிக் குத்தும்போது நான் இங்கே கீரை ஆய்ந்துகொண்டிருந்திருக்கிறேன். மார்க்கண்டு அண்ணைக்கும் அந்தப் பிள்ளைக்கும் நான் கையெடுத்துக் கும்பிட்டதாகச் சொல்லுங்கள். மூட்டை தூக்கக் கூடாது என்று அவரிடம் நீங்கள் சொல்ல மாட்டீர்கள். அதையும் நானே சொன்னதாகச் சொல்லுங்கள்.

நீங்கள் சொன்னபடி போனேன். ஒரு இளம் டொக்டர் பிள்ளை. உங்கள் கடிதத்தை நின்ற நிலையிலேயே முழுக்க வாசித்தா. பிறகு என்னை மட்டமாகப் படுக்கச் சொன்னா. ஒரு நிமிடம்கூட என்னால் முடியவில்லை. நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டுவிட்டு, இன்னொரு டொக்டரையும் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னா. சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்று கேட்டா. பதினொரு வயதில் முழங்கால் வீங்கி, ஒரு தவணை பள்ளிக்கூடம் போகவில்லை என்று சொன்னேன். எனக்கே மறந்துபோயிருந்த விஷயம்.

யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். ஈ.சி.ஜி, எக்ஸ்றே, எக்கோ எல்லாம் எடுத்தார்கள். அந்தக் காய்ச்சல் இதயத்தின் வால்வு ஒன்றைத் தடிக்க வைத்துவிட்டதாம். இரண்டு அறைக்கு நடுவில் இருக்கிற கதவு பாதிதான் திறக்கிறதாம். இரத்தம் முன்னுக்குப் போக வழியில்லாமல் நுரையீரல் பக்கம் தேங்குகிறதாம், அதுதான் படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று ஒரு தாளில் கீறிக் காட்டினார்கள். தண்ணீர் வற்றுவதற்குக் குளிசை தந்தார்கள். கால் வீக்கம் வற்றிவிட்டது. இப்போது ஒரு தலையணையோடு படுக்கிறேன். பின்னேரம் சைக்கிளும் ஓடிப் பார்த்தேன், ஏசாதீர்கள்.

மறைத்ததற்கு என்னிடமும் அதே காரணம்தான். எனக்கு ஏலாது என்று தெரிந்தால் திருச்சிக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிடுவீர்கள்.

அந்த வால்வைக் கால் வழியாக ஒரு குழாய் விட்டு, பலூன் ஊதி விரிக்கலாமாம். கொழும்பில் செய்வார்கள். ஆவணி பதினாலாம் திகதி தந்திருக்கிறார்கள். எங்கள் பயணம் பத்தாம் திகதி. அதைப் பின்னுக்குத் தள்ளித் தரச் சொல்லிக் கேட்டேன். அந்த டொக்டர் பிள்ளை பேனையை மூடி வைத்தா.  பிறகு, "அன்ரி, வீட்டிலை கதைச்சுப்போட்டு வாங்கோ" என்றா.

வீட்டில் என்றால் உங்களோடுதான். நான் கேட்பது பத்தே பத்து நாள். இப்போது இளைப்பும் குறைந்துவிட்டது. வந்து உங்களைப் பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்கிறேன். பிறகு அவர்கள் என்ன செய்தாலும் செய்யட்டும். பிள்ளை உங்களை விட்டுப் பிரியும்போது ஏழு வயது. இப்போது என்னிலும் உயரம். ஓம் என்று ஒரு சொல் எழுதுங்கள், அது போதும்.

உங்கள்,
புனிதவதி

* * *

ஸ்தேன், பாரிஸ்
24.06.2018

அன்புள்ள புனிதம்,

தபால் பிந்தும் என்பதால் இதைப் படம் எடுத்துச் சுபாங்கியின் ரெலிபோனுக்கு அனுப்புகிறேன். அவளும் வாசிக்கட்டும். இனி அவளுக்கு மறைக்க ஒன்றும் இல்லை.

உமது கடிதத்தை மரியரட்ணம் அண்ணை கடைக்கே கொண்டுவந்து தந்தார். சமையலறைக்குப் பின்னால் நின்று வாசித்தேன். ஓம் என்றுதான் முதலில் என் வாயில் வந்தது. பத்து நாள் என்று எழுதியிருக்கிறீர். நான் அந்தப் பத்து நாளையும் எத்தனையோ தரம் வாழ்ந்து முடித்துவிட்டேன். விமான நிலைய வாசலில் நீர் எந்தப் பக்கத்தால் வருவீர் என்பதுகூட எனக்குத் தெரியும். நீர் கட்டி வரும் சேலையின் நிறம்கூட நினைத்து வைத்திருந்தேன், அதை இப்போது சொல்ல மாட்டேன்.

நேற்று அஜந்தாவோடு போய் வைத்தியரிடம் கேட்டேன். குளிசை கதவைத் திறப்பதில்லை, தேங்கிய தண்ணீரை மட்டும்தான் வடிக்கிறது என்றார். பாரம் குறைந்ததை நோய் குறைந்ததாக நினைக்க வேண்டாம், கொடுத்த திகதியை விடவே கூடாது என்றார். அஜந்தா இதைப் பிரெஞ்சு கலக்காமல் முழுத் தமிழில் சொன்னாள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது. வெளியே வந்து தெருவில் நிற்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அங்கிள், அன்ரியை முதல் சுகமாக்குங்கோ" என்றாள்.

மூன்று ரிக்கற்றையும் தை மாதத்துக்கு மாற்றிவிட்டேன். உம்மைக் கேட்டுக்கொண்டு செய்ய எனக்குத் துணிவில்லை. கேட்டிருந்தால் நீர் என் மனதை மாற்றியிருப்பீர்.

கொழும்புக்கு உமது தம்பி இராஜதுரை வருவார், கதைத்துவிட்டேன். உம்மை உள்ளே கொண்டுபோகும் நேரத்தில் நான் வர முடியாது. கதவுக்கு வெளியே போட்டிருக்கும் வாங்கிலும் உட்கார்ந்திருக்க முடியாது. அன்றைக்கு வேலைக்குப் போகாமல் ரெலிபோனைக் கையில் வைத்துக்கொண்டு இருப்பேன். சுபாங்கி, மாமாவோடு நின்று, அம்மா கண் திறந்ததும் முதலில் எனக்குச் சொல்லு பிள்ளை.

புனிதம், சைக்கிள் ஓட வேண்டாம். குளிசையை நேரத்துக்கு எடும். பதினாலாம் திகதி பயப்படாமல் போய்ப் படும். எட்டு வருசத்தில் எத்தனையோ தரம் வாரும், வாரும் என்றுதான் எழுதியிருக்கிறேன். வர வேண்டாம் என்று எழுதுவது இதுதான் முதல் தரம். இதுவே கடைசித் தரமாகவும் இருக்கட்டும்.

உமது,
மகேந்திரராசா