முகத்தைத் திருப்பிக்கொண்டே நீட்டிய கை

பாரிஸ்

அன்புள்ள ஹாஜராவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் பிள்ளைகளும் உம்மாவும் சுகமாக இருக்க அல்லாஹ்விடம் கேட்கிறேன். நான் சுகம். பெருநாளுக்கு ஊருக்கு வராமல் இங்கே இரண்டாவது கடை எடுத்தேன் என்று கோபித்து நீ என் ஃபோனை எடுப்பதில்லை. ஆகவே இதை லீவில் நம் ஊர் மாம்புரிக்கு வரும் நௌஃபரிடம் கொடுத்துவிடுகிறேன்.

நேற்று பக்கத்துக் கடைத் தம்பி ஃபாஹிம், "நானா, இப்படி ஃபோனையே பார்த்துக்கிட்டு இருந்தா வெங்காயம் எல்லாம் முளைச்சிடும். வாங்க, படம் பார்ப்பம்" என்று இழுத்துப்போனான். சர்க்கஸ்காரர்களின் காதல் கதை, பிரெஞ்சு சிரிப்புப் படம். பார்க்க வந்தவர்களைவிட கூடாரத்தில் ஒட்டகங்கள் அதிகம்; அந்த யாவாரம் எப்படி ஓடுகிறதோ தெரியாது. அதில் ஒரு புருஷனும் பெண்சாதியும் ஊஞ்சலுக்கு ஊஞ்சல் பாய்பவர்கள். கீழே அவள் அவனோடு கதைப்பதே இல்லை. ஒருநாள் சூப்பைத் தூக்கி அவன் தலையில் ஊற்றினாள். ஆனால் மேலே ஏறிவிட்டால், முகத்தைத் திருப்பிக்கொண்டே கையை நீட்டுகிறாள். அவன் பிடித்துக்கொள்கிறான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஃபாஹிமிடம் தடிமன், மூக்கும் கண்ணும் ஒழுகுது என்று சொன்னேன்.

நௌஃபர் திரும்பும்போது கொஞ்சம் கருவாடும் நீ வறுத்து இடித்த மிளகாய்த்தூளும் கொடுத்துவிடு. இங்கே வரும் தூளை நான் விற்பேன், தின்னமாட்டேன். இரவில் உடுத்துப் படுக்க என் பழைய சாரன் ஒன்றும் வை.

மரக்கறி லொறி வந்து ஹோர்ன் அடிக்கிறது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் உனக்கு ஃபோன் அடிப்பேன். நீ கதைக்காவிட்டாலும் பரவாயில்லை புள்ள, முகத்தைத் திருப்பிக்கொண்டே ஃபோனை எடு.

உன்,
மஹ்ரூப்