தேதி போடாத தாள்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் நலம். நீயும் மருமகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எதையும் நம்பாதவள் இதை மட்டும் நம்புகிறாளாக்கும் என்று நீ சிரித்தால் சிரித்துக்கொள். நீ சிரித்தாய் என்று தெரிந்தாலே எனக்குப் போதும்.

நாம் பேசி எட்டு மாதம் ஆகிறது. நாலைந்து தடவை போனைக் கையில் எடுத்தேன். ஆனால் போனில் ஆரம்பித்தால் பாதியிலேயே நீ, "சரி விடும்மா, உடம்பப் பாத்துக்கோ" என்பாய். அதுதான் சாக்கு என்று நானும் விட்டுவிடுவேன். என் குணம் இப்போது எனக்கு நன்றாகத் தெரிகிறது. அதனால்தான் கடிதம்.

வீட்டுச் செய்தி பெரிதாக ஒன்றுமில்லை. சமையலறைக் குழாய் இன்னமும் சொட்டிக்கொண்டுதான் இருக்கிறது. பிளம்பர் "நாளைக்கு வர்றேன்" என்று மூன்று மாதமாகச் சொல்கிறார். அவருடைய நாளை எப்போது விடியுமோ! முழங்கால் மாடிப்படி ஏறும்போது மட்டும் படுத்துகிறது. வேலையில் ஓய்வு பெற இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. மாலை, பாராட்டு என்று இப்போதே பேசுகிறார்கள். அதைக் கேட்டால் எனக்கு உடம்பு கூசுகிறது.

கடைசியாக நீங்கள் வந்திருந்தபோது நான் பேசியதை நீ மறந்திருக்க மாட்டாய். சாப்பிடும் முன் நீங்கள் இருவரும் கண்ணை மூடி நன்றி சொன்னீர்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் என்றைக்குச் சும்மா இருந்தது? "அடுப்புல நின்னு வெந்தவ நான், நன்றி மட்டும் மேல போகுதா?" என்றேன். மருமகள் சிரித்துச் சமாளித்தாள். நான் அதோடு விடவில்லை. வாத்தியார் இருக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்காரும் பிள்ளைகள் மாதிரிதான் பக்திமான்கள், அடி விழும் என்ற பயத்தில்தான் நல்லவர்களாக இருக்கிறார்கள் என்றேன். நீ கோபப்படாமல் ஒன்றே ஒன்று கேட்டாய்: "யாருமே பாக்கலன்னா நீ என்னம்மா பண்ணுவே?" நான் பட்டென்று சொன்னேன்: "யாரு பாத்தாலும் பாக்காட்டியும் அதேதான் பண்ணுவேன். எனக்கு மேல ஒரு வாட்ச்மேன் வேண்டாம்." மருமகள் தட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். மறுநாள் காலையில் பெட்டியைக் கட்டினீர்கள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு பாத்திரம் கழுவினேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சுற்றி வளைக்கிறேன் என்று எனக்கே தெரிகிறது.

என் வேலை உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் சொன்னால்தான் நான் செய்தது புரியும். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வரும் கத்தி, கத்தரிக்கோல், இடுக்கி எல்லாவற்றையும் கழுவி, துணியில் கட்டி, நீராவி மெஷினில் வைத்து, கிருமி இல்லாமல் திருப்பி அனுப்புகிற அறை எங்களுடையது. தினமும் காலையில் முதல் வேலை, காலி மெஷினில் ஒரு சோதனைத் தாளை வைத்து ஓட்டுவது. தாள் ஒரே சீராகக் கறுத்து வந்தால் நீராவி எல்லா இடத்துக்கும் போகிறது என்று அர்த்தம். நடுவில் வெளுப்பாக ஒரு திட்டு இருந்தால் உள்ளே காற்று தங்குகிறது. அன்றைக்கு அந்த மெஷினைத் தொடக்கூடாது, மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும். தாளில் தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, ஃபைலில் ஒட்ட வேண்டியது சூப்பர்வைசரான என் பொறுப்பு. முப்பத்தொரு வருஷமாக ஒட்டுகிறேன்.

மூன்று மாதத்துக்கு முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை. இன்னொரு மெஷின் ரிப்பேரில் இருந்தது. அன்றைக்கு ஐந்து ஆபரேஷன். தியேட்டர் நர்ஸ் மூன்று தடவை போன் செய்துவிட்டாள். நான் தாளை எடுத்துப் பார்த்தேன். நடுவில் ஒரு நாணயம் அளவுக்கு வெளுப்பு.

மறுபடி ஒரு முறை சோதித்திருக்கலாம். பெரிய டாக்டரிடம் போய், "இன்னைக்கு முடியாது" என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் கத்துவார், அவ்வளவுதான். "உங்க டிபார்ட்மென்ட்ல இப்படி நடக்காதே" என்று ஒரு வார்த்தை சொல்வாரே, அந்த வார்த்தைக்குப் பயந்தேன் என்று நினைக்கிறேன். முந்தின வாரம் மெக்கானிக் வந்து போனபோது இரண்டு முறை சோதித்ததில், நன்றாகக் கறுத்த தாள் ஒன்று தேதி போடாமல் டிராயரில் கிடந்தது. அதை எடுத்து அன்றைய தேதி போட்டேன். கையெழுத்துப் போட்டேன். ஒட்டினேன். வெளுத்த தாளைக் கிழித்து, எரிக்கப் போகிற குப்பைப் பையில் போட்டேன். அறையில் வேறு ஒருவரும் இல்லை.

அந்த வாரமே மூன்று நோயாளிகளுக்குத் தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்தது. இரண்டு பேர் தேறி வீட்டுக்குப் போய்விட்டார்கள். மூன்றாவது ஆள் ஒரு தையல்காரர். வலது கையில் அடிபட்டு ஆபரேஷனுக்கு வந்தவர். அவருக்கு இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாகிவிட்டது. தையல்காரருக்குடா, இரண்டு விரல்!

விசாரணைக் கமிட்டி வைத்தார்கள். மெக்கானிக் மெஷினைப் பிரித்துப் பார்த்து, காற்றை இழுக்கிற பம்பில் கோளாறு என்றார். ஆனால் ஃபைலில் அன்றைய தாள் கன்னங்கரேலென்று இருக்கிறதே! ஆகவே காலையில் மெஷின் சரியாகத்தான் இருந்தது, வேலை நடக்கும்போதுதான் கெட்டிருக்க வேண்டும், பக்கத்தில் நின்றவர் நீராவி அழுத்தம் காட்டுகிற முள் இறங்குவதைக் கவனிக்காமல் விட்டிருக்கிறார் என்று முடிவு கட்டினார்கள். பக்கத்தில் நின்றவள் "அரை நிமிஷம்".

அவளைப் பற்றி உனக்கு எத்தனையோ கதை சொல்லியிருக்கிறேன். என்னோடு பத்தொன்பது வருஷம் வேலை பார்க்கிறவள். மெஷின் கதவைப் பூட்டி பட்டனை அழுத்தியதும், அரை நிமிஷம் கண்ணை மூடி நின்று, இதெல்லாம் யார் உடம்பில் படப்போகிறதோ அவர்களுக்காக வேண்டிக்கொள்வாள். அந்தப் பட்டப்பெயர் வைத்தவள் நான்தான். "நம்ம மெஷினுக்கு முன்னாடி தினமும் அரை நிமிஷம் கரண்ட் கட்" என்று கேன்டீனில் சொல்லிச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். அவளும் சேர்ந்து சிரிப்பாள். அந்தக் கேலி ஆஸ்பத்திரி முழுக்கத் தெரியும். கமிட்டியில் இருந்த டாக்டர் அதைத்தான் எடுத்தார்.

என்னைக் கூப்பிட்டு மூன்று கேள்வி கேட்டார்கள். சோதனைத் தாள் சரியாக இருந்ததா என்றார்கள். "ஃபைல்ல இருக்கு சார், பாத்துக்கோங்க" என்றேன். அவள் மெஷின் முன்னால் கண்ணை மூடி நிற்பது உண்டா என்றார்கள். "உண்டு" என்றேன். அந்த முதல் அரை நிமிஷத்தில் பார்ப்பதற்கு முள்ளில் ஒன்றுமே இல்லை என்பதையும் நான் சொல்லியிருக்க வேண்டும். கேட்கவில்லை, சொல்லவில்லை. அன்றைக்கு அவள் கவனிக்காமல் விட்டிருக்க வாய்ப்பு இருக்கிறதா என்று கேட்டார்கள். நான், "எனக்குத் தெரியாது" என்றேன்.

அந்த வார்த்தையை நான் எப்படியெல்லாம் தூக்கிப் பிடித்தேன் என்று உனக்குத் தெரியும். கடவுள் இருக்கிறார் என்பவனிடமும், இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்பவனிடமும் ஒரே மாதிரி சண்டை போடுவேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதுதான் நேர்மை என்று உன்னை வளர்த்தேன். அப்பா படுத்த படுக்கையாக இருந்தபோது, வேண்டிக்கோ வேண்டிக்கோ என்று சொந்தபந்தம் எல்லாம் நச்சரித்தது. அப்போதும், "யாருகிட்டன்னு எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். அப்படி வைத்திருந்த வார்த்தையை எடுத்து, எல்லாம் தெரிந்த ஒரு விஷயத்துக்கு மூடியாகப் போட்டேன். நான் சொன்ன மூன்று பதிலில் முதல் இரண்டில் பொய் என்று ஒரு சொல்கூட இல்லை பார். அதை நினைத்தால்தான் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. பகுத்தறிவு பகுத்தறிவு என்று பீற்றிக்கொண்டேனே, அது எனக்கு நல்ல வக்கீலாக வேலை பார்த்தது.

அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அவள் மகள் இதே ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். அம்மா யார் என்று சொன்னதும் ஆபீஸில் முகம் மாறிவிட்டதாம்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். பழம் வாங்கிக்கொண்டு போனேன், நோயாளியைப் பார்க்கப் போகிற மாதிரி. அவளுக்கு உண்மை தெரிந்திருக்கும், வாசலிலேயே வைத்துக் கேட்டுவிடுவாள் என்று பயந்துகொண்டே போனேன். கேட்டிருந்தால் தேவலை. டீ போட்டுக் கொடுத்தாள். என் முழங்காலை விசாரித்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, நான்தான் முள்ளப் பாக்காம விட்டுட்டேன் போல. எவ்வளவு யோசிச்சாலும் ஞாபகம் வரமாட்டேங்குது. தினம் மன்னிப்புக் கேக்குறேன், மனசு ஆறல." நான் டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

இன்னும் கேள். அவள் அந்தத் தையல்காரர் வீட்டைத் தேடிப் போயிருக்கிறாள். அவர் மனைவி தெருவில் நிற்க வைத்தே வாய்க்கு வந்தபடி திட்டினாளாம். அக்கம்பக்கம் எல்லாம் வேடிக்கை பார்த்ததாம். இவள் கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டுவிட்டு வந்திருக்கிறாள். "அவங்க கேட்டதுல என்னக்கா தப்பு?" என்கிறாள். எனக்கு விழ வேண்டிய ஒவ்வொரு வார்த்தையையும் அவள் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். அப்போதாவது நான் வாயைத் திறந்தேனா? "மனசப் போட்டு அலட்டிக்காதே" என்று ஆறுதல் சொல்லிவிட்டு வந்தேன்.

பயந்துபோய் அம்மா சாமி கும்பிட ஆரம்பித்துவிட்டாள் என்று நினைக்காதே. பொய் எதற்கு, ஒரு நாள் முயன்று பார்த்தேன். மெஷின் முன்னால் அவள் நிற்கிற இடத்தில் நின்று கண்ணை மூடினேன். பம்ப் ஓடுகிற சத்தம்தான் கேட்டது. வெட்கமாக இருந்தது, திறந்துவிட்டேன். இருக்கிறாரா இல்லையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் ஒன்றை இந்த ஒரு வாரமாக விடாமல் யோசிக்கிறேன். அவர் இருந்தால், அந்தத் தாளைப் பற்றி அவருக்குத் தெரியும். அவளுடைய கணக்கு என்றைக்காவது நேராகிவிடும். அவர் இல்லாவிட்டால், இந்த உலகத்தில் அது தெரிந்த ஒரே ஆள் நான். நான் வாயை மூடிக்கொண்டு செத்துப்போனால், அவள்தான் குற்றவாளி என்பது உண்மையாகவே நின்றுவிடும். கடவுளை நம்பாமல் இருப்பது சுலபம், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம் என்று நினைத்திருந்தேன். எவ்வளவு மக்கு நான்! மன்னிப்புக் கேட்க அவளுக்கு ஓர் இடம் இருக்கிறது. எனக்கு அப்படிப் பொதுவாக ஓர் இடம் கிடையாது. அந்தத் தையல்காரரிடமும், அவளிடமும், உன்னிடமும், மருமகளிடமும் தனித்தனியாக வாசல்படி ஏறித்தான் கேட்க வேண்டும். அவர்கள் கொடுக்க மாட்டேன் என்றால் அதோடு சரி.

கமிட்டிக்கு ஒரு வாக்குமூலம் எழுதியிருக்கிறேன். மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். ஒவ்வொன்றிலும் எப்படியாவது ஒரு "ஆனால்" வந்து உட்கார்ந்துவிடுகிறது. வேலை நெருக்கடி, இன்னொரு மெஷின் ரிப்பேர், தியேட்டரின் அவசரம் என்று. நாலாவதில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். எட்டே வரி. சுருக்கமாகத்தான் இருக்கிறது, உண்மை.

திங்கட்கிழமை பத்து மணிக்குப் பெரிய டாக்டரைப் பார்த்து அதைக் கொடுப்பதாக இருக்கிறேன். கொடுத்துவிட்டு அவள் வீட்டுக்குப் போவேன். அவள் துப்பினாலும் சரிதான். வேலை போகும், போலீஸ் வரலாம், தெருவில் தலைகாட்ட முடியாது. அதுவெல்லாம் நடக்கட்டும். என் பயம் வேறு. திங்கட்கிழமை காலையில் அந்த அறைக்கு வெளியே நிற்கும்போது எனக்கு ஏதாவது ஒரு நல்ல காரணம் தோன்றிவிடும். தோன்றாமல் இருக்காது. அப்படியே திரும்பி வந்து கைகழுவிக்கொண்டு வேலையைப் பார்ப்பேன். யாரும் பார்க்காவிட்டால் நான் என்ன செய்வேன் என்று கேட்டாயே, இதுதான் செய்வேன்.

அதனால் அந்த எட்டு வரியைக் கையெழுத்துப் போட்டு இன்னொரு பிரதியாக இதோடு வைத்திருக்கிறேன். பெரிய டாக்டரின் முகவரி எழுதிய உறையும் உள்ளே இருக்கிறது. திங்கட்கிழமை கொடுத்துவிட்டால் அன்றைக்கே உனக்குப் போன் செய்வேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வந்து, திங்கட்கிழமையும் முடிந்து, என்னிடமிருந்து போன் வரவில்லை என்றால், நான் கொடுக்கவில்லை என்று அர்த்தம். அப்போது என்னைக் கூப்பிட்டு என்ன ஏது என்று கேட்காதே. கேட்டால் அழுது, உடம்பு சரியில்லை என்று சொல்லி, உன்னை என் பக்கம் இழுத்துவிடுவேன். எனக்கு அந்தச் சாமர்த்தியம் உண்டு.

மருமகளிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. ஒன்றையும் மறைக்க வேண்டாம். அவளிடம் நேரில் வந்து கேட்பேன், வரவிடுவாள் என்றால்.

நீ நன்றாயிரு. உன் பிள்ளைகள், பிறக்கும்போது, நன்றாயிருக்கட்டும். எந்தத் தகுதியில் வாழ்த்துகிறேன் என்று கேட்டால், பெற்றவள் என்ற ஒன்றுதான் மிச்சம் இருக்கிறது. அதை வைத்தே கேட்கிறேன் கண்ணா, பெத்தவளாச்சே என்று பார்க்காதே. உறையை ஒட்டி அனுப்பிவிடு.

இப்படிக்கு,
உன் அம்மா