சாயமும் ஸ்டைல் ஷீட்டும்

அக்டோபர் 12, 2004. செவ்வாய்.

சேலைக்கடை முதலாளி தன் வலைத்தளத்தின் நிறத்தை விரும்பியபடி மாற்றிக்கொள்ளட்டும் என்று, யார் பக்கத்தைத் திறந்தாலும் ஸ்டைல் ஷீட்டை, அதாவது பக்கத்துக்கு நிறம் சொல்லும் கோப்பை, சர்வரே அந்த நொடியில் எழுதும்படி செய்திருந்தேன். அதில் எனக்குக் கர்வம் வேறு. இன்று தீபாவளிக் கூட்டத்தில் சர்வர் திணறியது. பக்கம் வெறும் வெள்ளையாக நின்றது.

கூட வேலை பார்க்கும் சரோஜா, செல்லூர்ச் சாயக்காரர் வீட்டுப் பெண், எட்டிப் பார்த்தாள். "அண்ணே, சேலைக்கு ஒருக்காத்தானே சாயம் போடுறோம்? கட்டுறப்பெல்லாமா போடுவோம்?"

முறைத்தேன். ஆனால் மாலைக்குள் மாற்றிவிட்டேன். இனி முதலாளி நிறம் மாற்றும்போது மட்டுமே கோப்பு எழுதப்படும். பக்கம் பறக்கிறது.

படுத்தபிறகுதான் உறைத்தது. ஒருமுறை பார்த்தவர்களின் கணினி பழைய கோப்பையே வைத்திருக்கும். நாளை முதலாளி சிவப்பாக்குவார்; அவர்களுக்குப் பழைய நீலமே தெரியும். விடிந்ததும் போன் வரும்.

வெளுக்காத சாயத்தை என்ன செய்வது என்று சரோஜாவிடம் கேட்கலாம். மானம் தடுக்கிறது.