எந்த மாதன் கொட்டாய்?

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே வெயில். மேற்கே கொஞ்சம் மேகம், ஏமாற்று மேகம். பார்சல் வேலையில் முதல் நாள். ஏழு மணிக்குக் காரிமங்கலம் ஆபீசில் ஆஜர்.

சூப்பர்வைசர் சொன்னது: சனிக்கிழமை வரை பார்ப்போம், பார்சல் நிறையத் திரும்பி வந்தால் வேண்டாம். அதாவது மறுபடி மாங்கூழ் ஆலை. மாங்காய்ப் பால் பட்டுப் பட்டு விரலெல்லாம் புண். போக மாட்டேன்.

செல்வண்ணன் இங்கே ஆறு வருடமாக டவுன் லைனில் பார்சல் கொடுப்பவர். டீயை ஆற்றிக்கொண்டே பக்கத்து ஆளிடம், என் காதில் விழட்டும் என்றே: "பொம்பளைங்களுக்கு வழியே தெரியாதுங்க. ரெண்டு நாள் தாங்காது." சிரித்து வைத்தேன். உள்ளே எரிந்தது.

இன்று அவர் லைனிலேயே பாதி கொடுத்தார்கள். ஒன்றுகூடத் திரும்பவில்லை. நாளை முதல் வெளி லைன், சுற்றுக் கிராமங்கள்.

வாங்க: ரெயின்கோட், பெரிய தண்ணீர் பாட்டில், சார்ஜ் வயர்.

ஜூன் 10, செவ்வாய்

சந்தை நாள். ரோடு முழுக்கத் தேங்காய் வண்டி, மாடு ஏற்றிய டெம்போ.

வழி தவறினேன் என்று எழுதினால் கௌரவமாக இருக்கும். தொலைந்துபோனேன் என்பதுதான் நிஜம். யாரும் படிக்கப்போவதில்லை, எழுதுகிறேன்.

விலாசம் மாதன் கொட்டாய். நம் பக்கம் யாராவது நிலத்தில் முதலில் ஒரு கொட்டகை போட்டால் அவர் பெயரிலேயே ஊர் ஆகிவிடும். பேரன் காலத்தில் முப்பது வீடு. இதெல்லாம் தெரிந்தவள்தான் நான். இருந்தும் மேப்பை நம்பினேன். அது ஏரி நடுவில் கொண்டுபோய் நிறுத்தி, வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்றது. காய்ந்த ஏரி. ஒரு எருமை. அது என்னைப் பார்த்தது, நான் அதைப் பார்த்தேன்.

அப்புறம் செய்ததெல்லாம்:
மேப்பைத் திட்டியது.
வேகமாக ஓட்டியது. எங்கே போகிறோம் என்றே தெரியாதவளுக்கு வேகம் எதற்கு?
அதே நீலத் தண்ணீர்த் தொட்டி, மூன்று முறை. அங்கே துணி துவைத்த பெண்கள் மூன்றாவது முறை கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. செல்லைக் காதில் வைத்து, யாருமே இல்லாத போனில் ஆமாங்க ஆமாங்க என்று பேசிக்கொண்டே கடந்தேன்.

பார்சல் பெண் நாலு தடவை கூப்பிட்டாள். போலீஸ் வேலைக்கு வெள்ளிக்கிழமை ஓட்டத் தேர்வாம், உள்ளே இருப்பது ஷூ, பழகிக்கொள்ள இரண்டு நாளாவது வேண்டுமாம். "பக்கத்துல வந்துட்டேங்க" என்றேன். பச்சைப் பொய். நடுவில் வீட்டுக்காரர் சாப்பிட்டாயா என்று கூப்பிட்டார். அவர் மேல் எரிந்து விழுந்தேன், பாவம்.

கடைசியில் ஒரு மாதன் கொட்டாய் கிடைத்தது. அப்படி ஒரு பெண் இங்கே இல்லை என்றார்கள். இருட்டுகிற நேரம், மாந்தோப்பு நடுவே ஆள் நடமாட்டமே இல்லை, வந்த வழியும் மறந்துவிட்டது, அவளைக் கூப்பிடச் செல்லில் சார்ஜும் இல்லை. அழுதேன். முப்பத்தெட்டு வயதில்.

திரும்பிய பார்சல் ஆறு. செல்வண்ணன் எண்ணிப் பார்த்தார், அவ்வளவுதான்.

ஜூன் 11, புதன்

தூறல். ரெயின்கோட் வாங்கவில்லை.

அதே ஷூவை முதலில் எடுத்துக்கொண்டேன். ஏரிக்கரையில் மறுபடி அதே குழப்பம், அதே படபடப்பு, கை தானாக ஆக்சிலேட்டரை முறுக்குகிறது. வண்டியை அணைத்தேன். இறங்கினேன். தண்ணீர் குடித்தேன். சும்மா உட்கார்ந்தேன். ஐந்து நிமிடத்தில் நெஞ்சு அடங்கியது. மேடும் கோயில் வேப்பமரமும் அப்போதுதான் கண்ணில் பட்டன. நேற்று இவை எல்லாம் எங்கே போயிருந்தன?

ஆடு ஓட்டி வந்த அம்மாவிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன், தெரியவில்லை, தொலைந்துவிட்டேன் என்று. அவர் சிரிக்கவில்லை.

"எந்த மாதன் கொட்டாயிம்மா கேக்கற? ஏரிக்கு மேக்கால மாதனா, கெழக்கால மாதனா?"

இரண்டு மாதன்! மாமன் மச்சானாம், ஒருவர் கரையின் மேற்கே, ஒருவர் கிழக்கே. நேற்று நான் போனது கிழக்கு.

மேற்கே போனேன், பத்து நிமிடம். அந்தப் பெண் ரோட்டிலேயே நின்றிருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். அங்கேயே ஷூவைப் போட்டுக்கொண்டு கிணறு வரை ஓடித் திரும்பினாள். "கரெக்டா இருக்குதுக்கா." மூச்சு வாங்கச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

இன்று திரும்பியது ஒன்று. பூட்டிய வீடு.

ஜூன் 13, வெள்ளி

இரண்டு நாளாகத் தனி நோட்டு. ஒவ்வொரு கொட்டாய்க்கும் ஒரு பக்கம்: யார் பெயர், எதற்கு மேக்கால, எதற்குக் கெழக்கால, எந்த மரம். இடது வலது கிடையாது, நம் ஆட்கள் யாரும் அப்படிச் சொல்வதில்லை. இதுவரை பதினேழு பக்கம்.

திரும்பியது பூஜ்யம். நேற்றும் பூஜ்யம்.

மாலை மெசேஜ்: ஓட்டம் பாஸ்க்கா. மூன்று முறை படித்தேன். ஓடியது அவள், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனது நான். வீட்டுக்காரரிடம் காட்டினேன், செவ்வாய்க்கிழமை கோபத்துக்கு மன்னிப்பும் கேட்டேன்.

ஜூன் 14, சனி

வெயில். கெடு முடியும் நாள். சூப்பர்வைசர் டவுன் லைனை எனக்கும், வெளி லைனை செல்வண்ணனுக்கும் மாற்றிவிட்டார், ஏனென்று சொல்லவில்லை. பதினொன்றுக்கே முடித்துவிட்டு ஆபீசில் கையெழுத்துப் போட்டேன். வேலை உறுதி. திங்கள் முதல் அடையாள அட்டை. கையெழுத்து கோணல். பரவாயில்லை.

பன்னிரண்டரைக்குப் போன். செல்வண்ணன். குரலில் ஒரு மிடுக்கு.

"ஒன்னுமில்ல பிலோமினா, பக்கத்துல வந்துட்டேன். மாதன் கொட்டாய்க்கு ரோடு வேல ஏதாச்சும் நடக்குதா?"

பின்னால் ஆக்சிலேட்டரை முறுக்குகிற சத்தம். எனக்குத் தெரியாதா அந்தச் சத்தம்? சிரித்திருக்கலாம். திங்கட்கிழமை டீ ஆற்றிக்கொண்டே சொன்னதற்குப் பதில் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது.

"அண்ணா, மொதல்ல வண்டிய அணைங்க. எறங்கி கொஞ்சம் தண்ணி குடிங்க."

சத்தம் நின்றது. பாட்டில் மூடி திறக்கும் சத்தம் கேட்டது.

"நீலத் தொட்டிய எத்தன தடவ பாத்தீங்க?"

"...மூணு."

நோட்டைப் பிரித்தேன். முதல் பக்கம்.

"சொல்லுங்கண்ணா. எந்த மாதன் கொட்டாய்?"